யாருக்கும் தொந்தரவில்லாத தேதி

இது எனக்கு நடந்ததில்லை; கேட்டு எழுதுவது. நடந்த நேரத்தில் நான் மூடிய கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே படுத்திருந்தவர் பூபதி அண்ணன். திருப்பூரில் நாங்கள் வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் லேபில் அவர்தான் ஷேடு பார்க்கிறவர். வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரித் துணியின் நிறமும் நாங்கள் சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றுதான் என்று அவர் சொன்னால்தான் லாட் வெளியே போகும். என் பெயர் மேகலா. வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு அவருக்குக் கீழே சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஒன்றரை வருடமாக அண்ணனுக்கு மனச்சோர்வு. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் வந்ததே தவிர வேறெதுவும் மாறவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் வசுமதி என்பவர், அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் கீட்டமைன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் டிரிப்ஸில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, முன்னும் பின்னும் பேசி ஒரு சிகிச்சை செய்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். நான் எழுதுவது மூன்றாவது முறை நடந்ததை. செப்டம்பர் மூன்றாம் தேதி, முற்பகல்.

மருந்து ஏற்றிய நாளில் வண்டி ஓட்டக்கூடாது, தனியாகவும் அனுப்பமாட்டார்கள். "அம்மிணி, கூட ஒரு ஆளு வரோணும்ங்கறாங்க. நம்ம பசங்களக் கூப்புட்டா சாயங்காலத்துக்குள்ள டீ குடிக்கற பேக்கரி பூராத் தெரிஞ்சிரும். நீ வர்றயா?" என்று என்னைக் கேட்டார். கலாமணி அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், மாத்திரை வாங்கப் போவதாக மட்டும் சொல்லியிருந்தார். படிவத்தில் உடன் வருபவரின் உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று அவரே எழுதினார். ஜெபமணி சிஸ்டர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்பூரிலானாலும் கோயம்புத்தூரிலானாலும் அந்த உறவை ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கும் டாக்டருக்கும் தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது. அக்டோபர் பதினான்கு. அந்தத் தேதிக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார். அதைச் சொல்லாமலேயே மூன்று முறையும் போய்ப் படுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, லேபில் தேநீர் குடிக்கும்போதும் பீக்கர் கழுவும்போதும், இரண்டு மாதத்தில் முழுவதையும் என்னிடம் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதியதை அவரும் அக்காவும் படித்தார்கள். அவர் 'நான்' என்று சொன்னதை நானும் 'நான்' என்றே எழுதுகிறேன். இனி வரும் 'நான்' பூபதி அண்ணன்.

பட்டை கையை இறுக்குகிறது, விடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இறுக்கி ரத்த அழுத்தம் பார்க்கும் என்று சிஸ்டர் சொன்னார், அப்படியானால் நான்கு முறை இறுக்கினால் எழுந்துவிடலாம், இது ஒன்று, இல்லை, இதைச் சேர்க்கக்கூடாது, இது மருந்து திறக்கும் முன்னால். "தொறந்தாச்சு டாக்டர்" என்கிறார் சிஸ்டர். டாக்டர் குரல் இடது பக்கம், நாற்காலி இழுபடும் சத்தம், "எது வந்தாலும் சண்டை போடாதீங்க பூபதி. கதவு இருந்தா தொறங்க. படி இருந்தா எறங்குங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்." சரிங்க என்கிறேன். எல்லாவற்றுக்கும் சரிங்க. போன முறையும் சரிங்க என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், நாற்பது நிமிடமும், உள்ளங்கையில் கோடு விழுந்திருந்தது. கண்ணுக்கு மேல் துணிப் பட்டை. கறுப்பு. என்ன கறுப்பு என்று பார்க்கிறேன், பழக்கம், கறுப்பு என்று ஒன்று கிடையாது, நீலம் ஓடும் கறுப்பு, சிவப்பு ஓடும் கறுப்பு, பச்சை ஓடுகிற கறுப்பு, அதைத்தான் ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்புவான், இது எதுவும் ஓடாத கறுப்பு, ஒன்றரை வருடமாக எனக்கு எல்லாமே இதுதான். எதையோ விட்டுவிட்டேன். காலையில் கிளம்பும்போதே இருந்தது, கதவைப் பூட்டினேனா என்பது மாதிரி, ஆனால் கதவு இல்லை, மின்விசிறி இல்லை, பட்டியலில் ஒன்று. திரும்பவும் பார்க்கிறேன். மச்சான் கல்யாணம் பதினொன்றாம் தேதி, ஆவணியிலேயே முடிந்துவிடும். பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை, செப்டம்பர் கடைசியில் முடிந்துவிடும். அப்புறம் புரட்டாசி, யார் வீட்டிலும் ஒரு விசேஷமும் வைக்கமாட்டார்கள், யாருடைய முகூர்த்தமும் கெடாது. கடைசி லாரி அக்டோபர் பத்தாம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது, அதற்குமேல் லேபில் வேலை இருக்காது. மேகலாவுக்கு ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாயிற்று, பதவி உயர்வு வரப்போகிறது என்று பாவம் சந்தோஷமாக இருக்கிறாள். பதினான்கு செவ்வாய்க்கிழமை. யாருக்கும் தொந்தரவில்லாத தேதி. சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முந்தாநாள் லேபில் நின்றபடியே விரல்விட்டு எண்ணினேன், மேகலா என்னண்ணா என்றாள், ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கேள்வியிலும் அப்படித்தான். மருந்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகளில் ஒன்பதாவது. சிஸ்டர் அட்டையை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் பெயர் படிக்கிற மாதிரி படித்தார், "இறந்துபோனால் நல்லது என்ற நினைப்பு இருந்ததா? இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும்." மேகலா இரண்டடி தள்ளி என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இல்லீங்க. அவர் படித்து முடிக்குமுன்பே சொல்லிவிட்டேன், இல்லீங்க, அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னால் யாருக்கும் தெரியாதா, சிஸ்டர் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார். இல்லீங்க. டாக்டர் தனியாக இருக்கும்போது கேட்டிருந்தாலும் இல்லீங்க என்றுதான் வந்திருக்கும், நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

வாயில் ஏதோ உலோகச் சுவை. சுவரிலிருந்து வரும் சத்தம், ஏசியா, டாக்டர் வைத்த பாட்டா, ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம், அதில் மேடு பள்ளம் இல்லை, எங்கள் மிசின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது இப்படித்தான் கேட்கும், ஒன்றை நிறுத்தினால் உடனே தெரியும். எனக்குள் எது நின்றது என்று எனக்குத் தெரிந்தது, அதுதான் கஷ்டம். ஒரு நாள் காலையில் டேபிளில் இரண்டு துண்டுத் துணி, இரண்டும் மஞ்சள், ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் பச்சைப் பக்கம், அது தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அதனால் என்ன என்று இருந்தது. இருபது வருடமாக ஒரு நிறம் தப்பாக இருந்தால் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும், அந்த மணல் இல்லாமல் போய்விட்டது. அப்புறம் நிறம் அளக்கும் மிசினில் வைத்து அது காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் பாஸ் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேவி. அதை நினைக்காதே. வருகிறதை வரவிடு என்றார், சரி, வரட்டும். நேவி நீலம், மாதிரித் துணியும் எங்கள் துணியும், டியூப்லைட்டுக்குக் கீழே ஒன்றேதான். எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கவேண்டும். அதுதான் முறை, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் பாதி நிறம் இருக்கிறது, சேர்ந்த முதல் நாளே மேகலாவுக்கு நான் சொன்னது. ஜன்னல் எட்டு எட்டில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, கால் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். வெயிலில் விரித்தபோது எங்கள் துணி கத்தரிப்பூ நிறத்தில் இருந்ததாம். லாட் முழுதும் திரும்பி வந்தது. மேனேஜர் முதுகில் தட்டி, "விடுங்க பூபதி, உங்களுக்கே தப்புச்சுன்னா மத்தவங்க கதி என்ன" என்று சிரித்தார். திட்டியிருக்கலாம். வீட்டில் அன்றைக்குச் சாப்பிடவில்லை, கலாமணி பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டே கேட்டாள், "ஏனுங்க, உங்களுக்கு என்னதான் பண்ணுது?" ஒண்ணுமில்ல. "ஒண்ணுமில்லாததுக்கு மூஞ்சி இப்படி இருக்குமா? சொன்னாத்தான தெரியும். நான் என்ன உங்க லேபு மிசினா, துணிய வெச்சதும் நம்பர் காட்டறதுக்கு?" பாப்பா சிரித்தாள். நானும் சிரித்திருக்கவேண்டும். சிரித்தேன், உதடு பிரிந்தது, கலாமணி சீப்பை நிறுத்திவிட்டு அந்த உதட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒன்றரை வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன், என்னால் அவளுக்கு அப்படி ஒரு முகம் வந்துவிட்டது, நான் இல்லாவிட்டால் அந்த முகம் சரியாகிவிடும், முதலில் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும். இப்படித்தான் பட்டியல் ஆரம்பித்தது. பட்டை மறுபடி இறுக்குகிறது. இது ஒன்று.

கை இருக்கிறதா. இறுக்கியது தெரிந்தது, ஆனால் யாருடைய கையையோ இறுக்கிய மாதிரி, பக்கத்துக் கட்டிலில் யாரோ. கம்பியைப் பிடிக்கலாம் என்று விரலைத் தேடுகிறேன், விரல் இருக்கும் இடத்தில் விரல் என்ற சொல் மட்டும் இருக்கிறது. போன முறை இந்த இடத்தில்தான் பயந்து இழுத்துப் பிடித்தேன். இந்த முறை பிடிக்க ஒன்றும் இல்லை. கட்டில் சாய்கிறது, சாயவில்லை, நான் கட்டிலிலிருந்து வழிகிறேன், தலைப்பக்கமாக, மெதுவாக, ஈரத்துணி தொட்டியிலிருந்து வழிவதுபோல. இருட்டு இளகுகிறது. அந்த எதுவும் ஓடாத கறுப்பில் நீலம் ஓடுகிறது, நான் பார்க்கிறேன், கறுப்புக்குள்ளே நீலம், நீலத்துக்குள்ளே ஒரு சிவப்பு, மிகக் கொஞ்சம், ஆயிரத்தில் ஒரு பங்கு, அது எனக்குத் தெரிகிறது, தெரிவதோடு நிற்கவில்லை, உள்ளே போகிறது. அப்புறம் எல்லாம் வருகிறது. இருபது வருடம் பாஸ் போட்ட அத்தனை நிறமும், எண்ணோடு, ஒன்றன்மேல் ஒன்றாக, மிசினுக்குள் துணி கயிறுபோலச் சுற்றி வருமே அப்படி, நான் அதற்கு உள்ளே, கயிறு என்னைச் சுற்றவில்லை, என் வழியாகப் போகிறது. எவ்வளவு பெரியது இது. நான் எங்கேயோ ஒரு லேபில் ஒரு டேபிளில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதையா. எதையும் ஒப்பிட வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க மாதிரித் துணி இல்லை, இதுதான் மாதிரி. யாரோ மூச்சு விடுகிறார்கள், சீராக, ஏறி இறங்கி, நல்ல மூச்சு, யாருடையது என்று தெரியவில்லை. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. செத்துவிட்டேன். அவ்வளவுதான், இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. முதலில் வந்தது பயம் இல்லை, பதற்றம். இன்றைக்கு மூன்றாம் தேதி. மூன்றாம் தேதி செத்துவிட்டேன், தேதி பதினான்கு, அதுவும் அடுத்த மாதம், கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கிறது, ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்த பிறகு கல்யாணத்தை நிறுத்துவார்களா, பந்தல்காரனுக்குச் சொன்னது நான்தான், அவன் எண் என் போனில்தான் இருக்கிறது, பாப்பா பரீட்சை, வெளியே மேகலா உட்கார்ந்திருக்கிறாள், தங்கை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், போலீஸ் அவளைக் கேட்கும், அவளுக்குப் பொய் சொல்ல வராது, அழுதுவிடுவாள். இப்போது வேண்டாம். இப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. சொல்கிறவனைத் தேடுகிறேன். அங்கேதான் அது. எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தேடினேன், பூபதி என்று ஒருவன் இருப்பான் அல்லவா, காலையில் எழுந்திருக்க முடியாதவன், ஜன்னலுக்குப் போகாதவன், உதட்டைப் பிரித்துச் சிரிக்கிறவன், அவனைக் காணோம். அவன் சலிப்பு மட்டும் கொஞ்ச தூரத்தில், கொடியில் போட்ட சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் ஆள் இல்லை. ஆனால் பார்க்கிறது என்ற ஒன்று இருந்தது. யார் பார்க்கிறது என்று இல்லாமல், பார்க்கிறது. நல்ல சாயம் என்றால் முழுக்கத் துணியில் ஏறிவிடும், கடைசியில் தொட்டியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்து கிடக்கும், அடி தெரியும், முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, கறுப்பாக இருந்த தண்ணீர் எப்படித் தெளிந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவ்வளவு நாளும் நான் துணி என்று நினைத்திருந்தேன், கறுப்பேறிப்போன துணி, இனி வெளுக்காது. நான் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கரை இல்லை. அங்கே எனக்கு அழுகை வந்தது, அழ ஆள் இல்லாமல் வந்தது, கும்பிடவேண்டும் போல இருந்தது, கையும் இல்லை, கும்பிடு மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் தெரியவில்லை. பட்டை எத்தனை முறை இறுக்கியது தெரியவில்லை. எல்லா நிறமும் போன பிறகு ஒன்று மட்டும் நிற்கிறது, நிற்கவில்லை, நெளிகிறது, இதற்கு எண் இல்லை. பச்சை என்று பிடிக்கப் போனால் ஊதாவாகிறது, ஊதா என்றால் செம்பு, சாய்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் வெள்ளை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி யாரோ என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஆகஸ்டில் ஒரு மழை விட்டதும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், "அப்பா நிறுத்துங்க, நிறுத்துங்க." நிறுத்தினேன். தார் ரோட்டில் ஏதோ லாரி எண்ணெய் சிந்தியிருந்தது, மழைத்தண்ணீரில் அது விரிந்து கிடந்தது. "எனக்கு இந்தக் கலர்ல டிரெஸ் வேணும்." இதுக்கு ஷேடு நம்பர் கிடையாது பாப்பா. "நீங்கதான ஷேடு பாக்கறவரு? நம்பர் போடுங்க." பின்னால் ஆரன் அடிக்கிறார்கள். இதெல்லாம் துணில வராது கண்ணு. "மித்ராவோட அப்பா பனியன் கம்பெனிதான் வெச்சிருக்காரு, அவரு எடுத்துக் குடுப்பாரு." அப்ப மித்ரா அப்பாவையே கேளு. "எனக்கு எங்கப்பாதான் வேணும். தீபாவளிக்கு. மறந்தறாதீங்க." எதுக்கு பாப்பா. "தீபாவளிக்கு." நெளிகிற நிறம் நின்றுவிட்டது. தீபாவளி. இருபதாம் தேதி தீபாவளி. பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ஆறு நாள். நான் தீபாவளியை எண்ணியிருந்தேனே, எண்ணித்தான் லாரி பத்தாம் தேதி என்றேன், பசங்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று. லாரியாகத்தான் எண்ணினேன். என் வீட்டில் ஒரு தீபாவளி இருக்கிறது என்று பார்க்கவில்லை. செத்த வீட்டில் தீபாவளி கிடையாது, அந்த வருடம் முழுதும் கிடையாது, புதுத்துணி கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், தெருவெல்லாம் வெடிக்கும்போது பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒன்பது வயது, இந்த வருடம் மட்டுமா, ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் நான் வந்து நிற்பேன், அவளுக்கு நாற்பது வயதானாலும். யாருக்கும் தொந்தரவில்லாத தேதி. இருபது வருடம் ஷேடு பார்த்தவன். "தப்பு" என்று யாரோ சொல்கிறார்கள், கரகரப்பான குரல், என் தொண்டை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. "பதினாலு தப்புங்க. தீபாவளி வருது." நாற்காலி நகரும் சத்தம். "என்ன பதினாலு, பூபதி?" டாக்டர் மிகப் பக்கத்தில். பட்டை இறுக்குகிறது, இப்போது அது என் கை. வாய் தயாராக இருக்கிறது, ஒண்ணுமில்லீங்க, லாட் நம்பருங்க, பதினாலாம் நம்பர் லாட்டு, அவர் நம்பிவிடுவார், நான் இருக்கும் தொழில் அப்படி. அந்தச் சட்டை கொடியில் இன்னும் தொங்குகிறது, கையை நுழைத்தால் போதும், அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். இன்னும் அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி போகவில்லை. அங்கேயிருந்து இவ்வளவு சின்னப் பொய்யைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "தேதிங்க" என்றேன். "எந்த மாசம்?" "அடுத்த மாசமுங்க." "அன்னைக்கு என்ன இருக்கு?" "அன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. யாருக்கும் ஒரு வேலையும் இல்லாத நாளு. அதனாலதான்." மூச்சு விடுவது மட்டும் கேட்டது, இந்த முறை அது அவருடையது என்று தெரிந்தது. "இது யாருக்கெல்லாம் தெரியும்?" "இப்ப உங்களுக்கு." "சொன்னதுக்கு நன்றி, பூபதி" என்றார், "கண் பட்டைய எடுக்கட்டுமா?" கொஞ்சம் இருக்கட்டுங்க என்றேன். ஒன்பதாவது கேள்வியை அவர் திரும்பக் கேட்டார், மெதுவாக, என்னைப் பார்த்துக் கேட்பது பட்டைக்குள்ளிருந்தே தெரிந்தது. ஏறக்குறைய தினமும் என்று சொன்னேன்.

இனி மேகலாவாகிய நான். சிஸ்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அண்ணன் படுத்திருந்தார், கண்களின் இரண்டு ஓரமும் ஈரம், முகம் எதையோ முதன்முறை பார்க்கிறவர் முகம்போல இருந்தது. ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிகளில் எங்கும் இருக்கும் வெளிர்பச்சைத் திரை. "எப்படி இருக்குது பாரு அம்மிணி" என்றார். திரையையா என்று கேட்டேன். "ஆமா. எவ்வளவு பச்ச அதுல." டாக்டர் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுக் கலாமணி அக்காவுக்குப் போன் போட்டார். பயப்பட வேண்டாம், இங்கே பாதுகாப்பாக இருக்கிறார், நீங்கள் உடனே வரவேண்டும், அதுவரை அவருடைய தங்கை கூடவே இருக்கிறார் என்று சொன்னார். போனில் அக்கா குரல் எனக்கே கேட்டது. "தங்கச்சியா? அவருக்குக் கூடப் பொறந்தது ரெண்டும் அண்ணனுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிலிலிருந்து அண்ணன், "அந்தப் பொய்யும் நான் சொன்னதுதானுங்க, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். சிஸ்டர் படிவத்தை எடுத்து, தங்கை என்பதை அடித்து, 'உடன் வேலை செய்பவர்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அக்கா இரண்டு மணி நேரத்தில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. கட்டில் பக்கம் நின்று, "எனக்குச் சொல்றதுக்கு உங்களுக்கு ஊசி போடோணுமா?" என்றார். அப்புறம் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நானும் டாக்டரும் வெளியே வந்துவிட்டோம்.

ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மச்சான் கல்யாணத்துக்கு அண்ணன் போனார், ஓரமாக உட்கார்ந்திருந்தார். மருந்துதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன். மருந்து கொஞ்ச நாளுக்கு ஒரு இடைவெளி கொடுக்கும், அந்த இடைவெளியில் என்ன பேசுகிறோம் என்பதுதான் சிகிச்சை, எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்றார். அதற்குப் பிறகும் மூன்று முறை போனார், இப்போதும் மாத்திரை உண்டு, வாரம் ஒருமுறை பேச்சு உண்டு. காலையில் எழ முடியாத நாட்கள் இப்போதும் வருகின்றன. அந்த நாட்களில் அக்கா எனக்குப் போன் செய்து, "இன்னிக்கு வர்லீங்க" என்று மட்டும் சொல்வார்.

இதை எழுதி முடிக்கும்போது, அந்தப் பதினான்காம் தேதி அண்ணன் என்ன செய்தார் என்று சரிபார்க்கவேண்டும் போலிருந்தது. அண்ணனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் விடுப்புப் புத்தகத்தை எடுத்து அக்டோபர் பக்கத்தைப் புரட்டினேன். பதினான்காம் தேதி, செவ்வாய், பூபதி, லேப், பிற்பகல் அரை நாள் விடுப்பு. கையெழுத்து அவருடையதுதான், அன்றைய தேதியோடு. காரணம் என்ற கட்டத்தில், வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தது.